வாய் மூடிய சங்கு

அம்மா அப்பா வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் டவர். ஆள் நெடுநெடுவென்று இருப்பார் என்று நினைத்துவிடக் கூடாது. சராசரிக்கும் ஒரு விரற்கடை குறைவுதான். இளமை முழுவதும் தொலைத்தொடர்புக் கோபுரம் ஏறும் வேலையில் போனதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. 'டவர் வந்தாச்சா?' 'டவருக்கு ஒரு டீ சொல்லு.' கோபம் வந்தால் மனைவிகூட, "இந்த டவர்ல சிக்னலே கிடைக்கறதில்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

அவர் கோபுரத்தில் ஏறி மாட்டியவை ஹார்ன் ஆன்டெனாக்கள். தகரப் புனலை நான்கு பட்டையாகத் தட்டி எடுத்தது போல இருக்கும். அடியில் தீப்பெட்டி நுழைகிற அளவுக்கு ஒரு செவ்வகத் துளை. அங்கிருந்து நான்கு சுவரும் வளையாமல் நெளியாமல் நேராக விரிந்து அகலமான வாயில் முடியும். அந்த வாய் எதிர்மலையில் இருக்கும் இன்னொரு வாயைப் பார்த்தபடி நிற்கும். பேச்சும் படமும் கணக்கும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வாயிலிருந்து புறப்பட்டு இன்னொரு வாய்க்குள் போய்ச் சேரும்.

ரோஷக்கார ஜாமான். உள்சுவரில் சின்ன நெளிசல் விழுந்தாலும் முரண்டு பிடிக்கும். முகம் மாறாமல் இருந்த இடத்திலேயே கால் சுற்று சுழற்றி மாட்டிவிட்டால், எதிரே இருப்பவனைப் பார்த்துக்கொண்டே செவிடாகிவிடும். எல்லாவற்றையும் விட அதற்கு ஆகாதது ஈரம். ரேடியோ அலையைத் தண்ணீர் குடித்துவிடும். அதனால் வாய்க்கு வெள்ளை ஃபைபர் தகடு ஒன்றை வைத்து, சுற்றிலும் ரப்பர் கொடுத்து முடுக்கிவிடுவார்கள். மழை உள்ளே வராது, பூச்சி வராது. அலைக்கோ அந்தத் தகடு இருப்பதே தெரியாது. ஜன்னல் கண்ணாடியில் வெயில் நுழைவது போல நுழைந்து போய்விடும். கோபுரத்து ஆட்களிடம் இது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகியிருந்தது. மேலே போகிறவனிடம் கீழே நிற்பவன் கத்துவான்: "வேலைய முடிச்சியா, வாய மூடிட்டு இறங்கு!"

டவர் அப்படித்தான் வாழ்ந்தார். வேலையை முடிப்பார், வாயை மூடுவார், இறங்குவார். அவர் மூடிய வாய் எதிலும் மழை புகுந்ததாக ஒரு புகார் வந்ததில்லை.

முழங்கால் தேயத் தொடங்கியதும் அவரைக் கோபுர வேலையிலிருந்து இறக்கி, அணைக்கட்டின் எச்சரிக்கைப் பிரிவில் போட்டார்கள். அணைக்குக் கீழே ஆறு போகிற வழியெல்லாம் ஆங்காங்கே ஒரு கம்பம். ஒவ்வொரு கம்பத்திலும் உச்சியில் ஒரு சின்ன ஹார்ன் ஆன்டெனா, அதற்குக் கீழே பெரிய வாயுள்ள ஓர் அபாயச் சங்கு. மதகு திறப்பதற்கு முன்னால் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் பொத்தானை அழுத்துவார். கட்டளை மலை உச்சி வழியாக வந்து மேல் வாயில் விழும். உடனே கீழ் வாய் அலறும். ஆற்றுக்குள் இருப்பவர்கள் கரையேற வேண்டும். மேலே இருப்பது கேட்கிற வாய், கீழே இருப்பது கத்துகிற வாய். ஆபீஸ் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: ஹார்ன்.

டவருக்கு அந்தச் சங்கைப் பார்த்ததும் தன் பழைய தோழனின் பெருத்த தம்பியைப் பார்த்தது போல இருந்தது. அடியில் சின்னத் துளை, நுனியில் பெரிய வாய், நடுவில் விரிகிற உடம்பு. ஆன்டெனாவின் சுவர் நேராகப் போகும், சங்கின் சுவர் பூ விரிவது போல வளைந்து போகும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவர் எடுத்துக்கொண்டார். "ஒரே வீட்டுப் புள்ளைங்க. ஒண்ணு படிச்சது, இன்னொண்ணுக்குத் தொண்டை பெருசு" என்று கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொல்லிச் சிரித்தார்.

அவருக்கு ஒரே தங்கை. அவள் கணவன், அதாவது டவரின் மாப்பிள்ளை, எந்த வேலையிலும் கால் பாவாத மனிதன். லாரியில் கிளீனராக இருந்தான், மரக்கடையில் பலகை அறுத்தான், எதிலும் ஒரு வருஷம் தாண்டவில்லை. சோம்பேறி என்று சொல்ல முடியாது. இன்னொருவன் சொல்லிச் செய்வது அவனுக்கு ஒத்துவராது. ஒரு கோடையில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஆறு வற்றி நூலாக ஓடும் மாதங்களில் நடு ஆற்று மணல் திட்டில் வெள்ளரியும் தர்பூசணியும் போடலாம். மணலில் குழி எடுத்து எரு வைத்தால் போதும், ஒரு சாண் தோண்டினால் தண்ணீர். கேட்க ஆளில்லை, ஏவ ஆளில்லை.

தங்கைக்கு அது பிடிக்கவில்லை. அண்ணன் வீட்டுக்கு வந்து, அடுக்களையில் அண்ணியோடு பேசுவது போல அவர் காதில் விழப் பேசினாள்.

"அணை மேல இருக்கு அண்ணி. அவங்க பாட்டுக்குத் திறந்துவிட்டா என்ன பண்றது? இவரு ஒண்ணைப் பிடிச்சா பிடிச்சதுதான்."

டவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டுச் சொன்னார்: "சும்மாத் திறப்பாங்களா? முதல்ல சங்கு ஊதும். ஊதி, நேரம் குடுத்து, அதுக்கப்புறம்தான் மதகையே தொடுவாங்க. ஆறு வளையற எடத்துல நிக்குதே வளைவுக் கம்பம், அது உங்க திட்டுக்கு நேரா இருக்கு. அதைப் பாத்துக்கறது யாரு? உன் அண்ணன். அவன் தாராளமா வெள்ளரி போடட்டும்."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நான் எப்ப உன்கிட்ட சும்மா சொல்லியிருக்கேன்?"

வாசலில் நின்றிருந்த மாப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்தான். "மச்சான் பாக்குற சங்கு நமக்குச் சங்கு ஊதாம இருந்தா சரி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தங்கை மட்டும் அவன் முதுகில் ஒன்று வைத்தாள், வாயிலிருந்து வருகிற வார்த்தையைப் பார் என்று.

அவன் கைராசி, மணலில் காய் கொத்துக் கொத்தாக வந்தது. பழைய பம்பு என்ஜின் ஒன்றை வாங்கிப் பெட்ரோல் மணக்க மணக்க அவனே பழுது பார்த்தான். தார்ப்பாய்க் கொட்டகை ஒன்று போட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் டவர் அங்கே போவார். மாப்பிள்ளை ஒரு தர்பூசணியைக் கையாலேயே குத்திப் பிளந்து நீட்டுவான். முகம் முழுக்கச் சாறு வழிய, ஆற்றின் நடுவில், கேட்பாரில்லாத ஒரு ராஜ்ஜியத்தில் இரண்டு ஆண்களும் உட்கார்ந்திருப்பார்கள். தன் தங்கை பிழைத்துவிட்டாள் என்று டவர் அந்த ஞாயிறுகளில்தான் நம்பத் தொடங்கினார்.

இதற்கிடையில் வளைவுக் கம்பத்துச் சங்கில் மைனாக்கள் குடியேறின.

மாதச் சோதனையில் சங்கு சளி பிடித்தது போல ஊதியபோதுதான் அவருக்குத் தெரிந்தது. ஏறிப் பார்த்தால் குழாயின் தொண்டை வரைக்கும் சுள்ளியும் நூலும் பிளாஸ்டிக்குமாக அடைத்துக் கிடந்தது. பிய்த்துப் போட்டார். அடுத்த மாதம் மறுபடியும் கூடு. மூன்றாம் முறை பிய்த்தபோது இறகு முளைக்காத குஞ்சுகள் கையோடு வந்தன. அவற்றைத் தொப்பியில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஏணியில் வெகுநேரம் நின்றார். கீழே இறங்கி ஒரு மரக்கிளையில் வைத்துப் பார்த்தார். தாய்ப்பறவை அவர் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது. குஞ்சுகள் பிழைக்கவில்லை. 

"மூடி போட்டுட்டா என்ன?" என்று அன்றிரவு மனைவியிடம் சொன்னார். "எங்க ஆன்டெனாவுக்கெல்லாம் போடறோமே."

"அப்ப இத்தனை நாள் ஏன் போடல?" என்றாள் அவள்.

தனக்கு முன்னால் இருந்தவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். கழற்றி வைத்த பழைய ஆன்டெனா மூடிகள் ஸ்டோரில் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தன. நல்ல தடியான வெள்ளை ஃபைபர். ஒன்றை வட்டமாக அறுத்தார். ஓரம் தேய்த்தார், புது ரப்பர் வெட்டிக் கொடுத்தார், துளை போட்டு போல்ட் வைத்து முடுக்கினார். சங்கின் வாய்க்குச் செய்து வைத்தது போலப் பொருந்தியது. எறும்புகூட நுழைய வழியில்லை.

கீழே இறங்கிக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு ஊதச் சொன்னார். ஊதியது. கம்பத்தடியில் நின்று கேட்டார். முன்பு அந்த இடத்தில் நின்றால் நெஞ்சுக்கூடு அதிரும். இப்போது அவ்வளவு இல்லை. 'பரவாயில்லையே, காதைப் பிளக்காம கேக்குது' என்று நினைத்துக்கொண்டார். பிற்பாடு அவர் வாழ்நாள் முழுக்கத் மனதுக்குள் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் அதுதான். வித்தியாசம் அவர் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. விழுந்து, அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

"இங்க பச்சை விளக்கு வந்துருச்சு டவர்" என்றது போன். சங்குக்குள் மின்சாரம் பாய்ந்தால் பச்சை விளக்கு எரியும். சத்தம் வெளியே போனதா என்று கேட்கிற காது அந்த விளக்குக்கு இல்லை.

அந்த வருஷம் கோடை முடிவதற்குள்ளேயே மலைப்பக்கம் பெருமழை கொட்டியது. ஆற்றோரத்தில் ஒரு தூறல் கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்தது. அணைக்கு நீர் வரத்து ஏறிக்கொண்டே போனதால் மத்தியானத்துக்கு மேல் மதகைத் திறக்க முடிவெடுத்தார்கள். முறைப்படி எல்லாக் கம்பத்துக்கும் கட்டளை போனது. எல்லாச் சங்கும் ஊதியதாகப் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. நேரம் கொடுத்தார்கள். அப்புறம் திறந்தார்கள்.

மாப்பிள்ளை திட்டில் தனியாக இருந்தான். தங்கை காய்க் கூடையோடு சந்தைக்குப் போயிருந்தாள். ஓடை கொஞ்சம் கலங்கி வந்ததைப் பார்த்தானாம். கொஞ்சம் ஏறியதையும் பார்த்தானாம். சங்கு ஊதவில்லையே, மேலே எங்கோ மழை பெய்திருக்கும், கணுக்கால் அளவு வரும், போகும் என்று நினைத்தானாம். கரைக்கு ஓடாமல், நனைந்துவிடக் கூடாதே என்று பம்பு என்ஜினை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். நுரையும் சுள்ளியுமாக ஒரு சுவர் வளைவைத் திரும்பி வந்தபோதுதான் என்ஜினை விட்டான். தண்ணீரோடு வந்த மரத்தடி ஒன்று அவன் இடுப்பில் மோதியது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கயிறு வீசி இழுத்துப் போட்டார்கள். உயிர் இருந்தது.

டவருக்குச் செய்தி வந்தபோது அவர் கீழ்க் கம்பம் ஒன்றில் நின்றிருந்தார். அங்கே சங்கு காது கிழிய ஊதி முடிந்திருந்தது. ஓட்டமும் நடையுமாக வளைவுக்கு வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். திட்டு இருந்த இடத்தில் காப்பி நிறத்தில் ஆறு போய்க்கொண்டிருந்தது.

"சங்கு ஊதுச்சே, ஏன் ஏறாம நின்னான்?" என்று ஆட்டுக்காரரிடம் கேட்டார்.

"சங்கா? எந்தச் சங்கு?" என்றார் ஆட்டுக்காரர்.

கம்பத்துச் சங்கு எரிந்து போயிருக்கும் என்றுதான் டவர் நினைத்தார். கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, இடைவெளி விட்டு விட்டு ஊதச் சொன்னபின், ஆட்டுக்காரர் நின்ற இடத்துக்கே போய் நின்றார். சங்கு எரியவில்லை. ஊதியது. கதவைச் சாத்திய அறைக்குள் யாரோ நோயாளி முனகுவது போல, ஆற்றின் இரைச்சலுக்கு நடுவில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு சத்தம். அவர் தலை மெல்ல நிமிர்ந்தது. வெயிலில் பளபளவென்று அந்த வெள்ளை மூடி.

முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ. ஏறினார். ஊதலுக்கும் ஊதலுக்கும் இடையில் போல்ட்டுகளைக் கழற்றினார். மூடி கையோடு வந்து, நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த ஊதலுக்குள் இறங்கிவிட வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. சங்கு முழு வாயையும் திறந்து அவர் முகத்துக்கு எதிரே அலறியது. எதிர்க்கரையில் ஆடுகள் தெறித்து ஓடின. வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். காதைப் பொத்திக்கொள்ளாமல் ஏணியைக் கட்டிப் பிடித்தபடி நின்றிருந்தவரைக் கீழிருந்து நாலு பேர் கூப்பிட்டும் அவருக்குக் கேட்கவில்லை.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஒரு பெண் என்ஜினியர் வந்தார். சத்தத்தை அளக்கும் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மூடி இல்லாமல் ஒரு முறை, மூடியோடு ஒரு முறை ஊதச் சொல்லி, கரை நெடுக நடந்து பார்த்தார். டவர் பின்னாலேயே போனார். முடிவில் கேட்டார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு? அதுக்கு மூடி போட்டா ஒண்ணும் ஆகறதில்லையே."

என்ஜினியர் எரிச்சல்படவில்லை. கம்பத்து நிழலில் உட்கார்ந்து பொறுமையாகவே சொன்னார்.

"வடிவம் ஏன் ஒரே மாதிரி இருக்குன்னா, ரெண்டுக்கும் ஒரு வேலை பொதுவா இருக்கு அண்ணே. சின்ன இடத்துல அடைஞ்சிருக்கற அலையைத் திடீர்னு வெளிய தள்ளினா, பாதி திரும்பி உள்ளயே வந்துடும். அதனால கொஞ்சம் கொஞ்சமா அகலமாக்கி வெளிய விடறோம். அதோட எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமா குவிச்சு விடறோம். ஆனா போற ஆள் வேற. ரேடியோ அலைக்குக் காத்தே தேவையில்ல. ஃபைபர் அதுக்கு ஜன்னல் கண்ணாடி மாதிரி. சத்தம்னா காத்துதான். காத்தை முன்னயும் பின்னயும் தள்ளித் தள்ளித்தான் அது போயாகணும். குறுக்க தடியா ஒரு பலகை வச்சா, காத்து அந்தப் பலகையைத் தூக்கி ஆட்டணும். எங்க ஆட்டும்?"

"அப்ப மைனாவுக்கு என்ன பண்றது?"

"கம்பி வலை போடுங்க. மைனா நுழையாது. சத்தம் தாராளமா போகும்."

ஆன்டெனா வாயில் நெருக்கமான கம்பி வலை போட்டால் என்ன ஆகும் என்று டவருக்குத் தெரியும். அந்த அலைக்கு வலையே இரும்புச் சுவர், முட்டித் திரும்பிவிடும். பலகை வைத்தால் அலை போகும், வலை வைத்தால் போகாது. சங்குக்கோ அப்படியே தலைகீழ். இவ்வளவு சின்ன விஷயம். ஸ்டோரில் அந்த வெள்ளை மூடிகள் சாய்ந்து கிடந்த அதே மூலையில், கோழிக்கூட்டுக்குப் போடுகிற கம்பி வலை ஒரு சுருள் கிடந்தது. அதைக் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் அவர் மூடியை எடுத்திருந்தார்.

பெரிய அதிகாரி முன்னால் போய் நின்று, "நான்தான் சார் போட்டேன். என்னை எது வேணாலும் பண்ணுங்க" என்றார்.

அதிகாரி நல்ல மனிதர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "மூடி போடக் கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்லை டவர். நீங்க போட்டதும் சோதனை பண்ணியிருக்கீங்க, இங்க பச்சை விளக்கும் வந்திருக்கு. கேக்குதான்னு ஊருக்குள்ள நின்னு பாக்கணும்னும் விதியில்லை. இனிமே அப்படி ஒரு விதி போடறோம். நீங்க போய் வேலையைப் பாருங்க."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. குனிந்த தலைக்கு ஒரு குட்டு கிடைத்தால் நிமிரலாம். குட்ட ஆளில்லாததால் அவர் தலை குனிந்தபடியே நின்றுவிட்டது.

தங்கையிடம் அவரே போய்ச் சொன்னார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவள் மாத்திரைப் பையோடு உட்கார்ந்திருந்தாள். மைனா, குஞ்சு, மூடி, ரப்பர், பச்சை விளக்கு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் அழவில்லை, கத்தவில்லை. கேட்டு முடித்ததும், "சாப்பிட்டியா?" என்றாள்.

"ஏதாவது திட்டேன்" என்றார் அவர்.

"நீ வேணும்னா பண்ணின? கீழ கேன்டீன் இருக்கு, போய்ச் சாப்பிட்டு வா. முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

மாப்பிள்ளைக்கு முறிந்த இடுப்பெலும்பு சேர்ந்தது. ஆனால் நேராகச் சேரவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோல் ஊன்றித்தான் நடக்க முடிந்தது. மணலில் குழி எடுக்கிற கால்கள் அவை இல்லை. குடும்பம் ஆற்றோரத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அவனுக்கு ஒரு பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. இன்னொருவன் சொல்லிச் செய்வது ஆகாது என்றிருந்தவன், காலையிலிருந்து சாயங்காலம் வரை யார் யாரோ அதட்ட, "இங்க விடுங்க சார், அங்க விடாதீங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கமாகப் பேருந்தில் போகும்போது டவர் ஜன்னல் பக்கம் உட்கார மாட்டார்.

தங்கை வீட்டுக்கு அவர் போக்குவரத்தை நிறுத்தவில்லை. ஒருமுறை கேஸ் அடுப்புக்குப் புது ரப்பர் குழாய் வாங்கிப் போய்த் தானே மாட்டினார். முடுக்கினார், மோந்து பார்த்தார். "சரியா இருக்கும்மா, பத்த வை" என்றார். அவள் தலையை ஆட்டினாள். கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து எடுத்துவந்து, குழாயின் இரண்டு முனையிலும் விரலால் தடவி, நுரை வருகிறதா என்று குனிந்து பார்த்தாள். வரவில்லை. அப்புறம் அடுப்பைப் பற்ற வைத்து அண்ணனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. தான் என்ன செய்தோம் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. காப்பி நன்றாகத்தான் இருந்தது. டவர் அதைப் பாதி குடித்து, வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டார்.

வேலையும் இருந்தது. எல்லாக் கம்பத்துச் சங்குக்கும் அவரே வலை போட்டார். மாதச் சோதனை நாளில் கம்பத்தடியில் நிற்பதை அடியோடு விட்டார். துணி துவைக்கிற கல், மீன் பிடிக்கிற மடு, ஆடு இறங்குகிற பள்ளம் என்று ஆட்கள் புழங்குகிற இடமாகப் பார்த்துப் போய் நிற்பார். ஊதி முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், "கேட்டுச்சா?" என்பார். "செவிடனுக்கே கேக்குமேய்யா" என்று சிரிப்பார்கள். அவர் சிரிக்காமல் அடுத்த இடத்துக்கு நடப்பார். சங்கைப் பற்றி அவர் தாமதமாகக் கற்றுக்கொண்டது நிறைய. அதன் சத்தம் வளைவைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் வரும். ரேடியோ அலை அந்த அளவுக்கு வளையாது. ஒரு குத்து நெளிசலுக்கெல்லாம் சங்கு கோபித்துக்கொள்ளாது. கால் சுற்று சுழற்றி மாட்டினாலும் அதே சத்தம்தான். அது முரட்டுப் பிள்ளை, எதையும் தாங்கும்; வாயை மட்டும் மூடக் கூடாது. இதையெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்வதில்லை. "வலையைத் தவிர எதையும் கட்டாதே" என்று மட்டும் சொல்வார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஓய்வு பெற்ற பிறகு கையில் நேரம் மிஞ்சியது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தங்கை வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையோடு சீட்டு விளையாடுவார். மாப்பிள்ளைக்குச் சீட்டில் பெரிய கை கிடையாது. அதனால் டவர் தோற்பார். நல்ல சீட்டு வந்தால் ஒளித்து வைப்பார், தேவையில்லாததை இறக்குவார். சின்னச் சின்னதாக அப்படித் தோற்பதில் அவருக்கு ஏதோ ஒரு வட்டி கட்டிய நிம்மதி. மாதக் கணக்கில் மாப்பிள்ளை ஜெயித்துக்கொண்டே இருந்தான்.

ஒரு நாள் சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் மாப்பிள்ளை கையை நீட்டி, டவர் கவிழ்த்து வைத்த சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தான். அவற்றில் ஆட்டத்தை எப்போதோ முடித்திருக்கக்கூடிய ராஜாவும் ராணியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன மச்சான்?"

"கவனிக்கல மாப்ளே. கண்ணு சரியா தெரியறதில்ல."

"கண்ணா?" மாப்பிள்ளை கோலை எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினான். இத்தனை வருஷத்தில் அவன் குரல் அவரிடம் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. "ஊரெல்லாம் என்னைப் பாத்துப் பாவம்ங்குது. வண்டி விட வர்றவன் பாவம்ங்கறான், சில்லறைய வேண்டாம்னு விட்டுட்டுப் போறான். இந்த வீட்டுக்குள்ள ஒரு எடத்துல நான் நெஜமா ஜெயிக்கறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதையும் பொய்யாக்கிட்டியே."

அடுக்களையில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. தங்கை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"தண்ணி வந்தன்னிக்கு நீ கெட்டது நெனைக்கல, எனக்குத் தெரியும்" என்றான் மாப்பிள்ளை, குரலைத் தணித்து. "இப்பவும் கெட்டது நெனைக்கல. ஆனா நீ நல்லது நெனைக்கிறப்பல்லாம் எனக்குத்தான்யா அடி விழுது."

சீட்டைக் குலுக்கினான். வெகுநேரம் குலுக்கினான். பிறகு போட்டான்.

"ஒழுங்கா ஆடு" என்றான்.

டவர் ஒழுங்காக ஆடினார். ஒரு சீட்டையும் ஒளிக்கவில்லை, ஒன்றையும் வீணாக இறக்கவில்லை. மூன்று ஆட்டமும் அவரே ஜெயித்தார். மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "ம்" என்றான். நாலாவது ஆட்டத்துக்குச் சீட்டுப் போடாமல் கட்டைச் சேர்த்து ரப்பர் பேண்டு மாட்டினான்.

"நாளைக்கு வருவியா?" என்று கேட்டான்.

"வரேன்" என்றார் டவர். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். பேருந்து வரும் வரை நிறுத்தத்தில் நின்றார். அன்றைக்கு அவருக்கு, வண்டி நிறுத்துமிடம் தெரிகிற ஜன்னல் பக்கத்து இடம்தான் கிடைத்தது; உட்கார்ந்தார்.